ஹைலக்ஸும் சாகாவும்: உண்மையில் எவ்வளவு வித்தியாசம்?

12 ஜனவரி 2025, இரவு

மச்சான் தம்முடைய டோயோட்டா ஹைலக்ஸை, அதாவது பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள பிக்கப் வண்டியை, விற்கப் போகிறார். எனக்கு வேண்டுமென்றால் வெளியாரிடம் போவதற்கு முன் என்னிடமே தருவதாகச் சொல்கிறார். நான் பினாங்கில், ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். வார நாள்களில் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. வார இறுதியில் காதணி விழா, அறுபதாம் கல்யாணம் என்று யாராவது கேட்டால் சமைத்துக் கொடுப்பேன். இப்போது இருப்பது 2019ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா கார்.

நேற்றிரவு இரண்டு வண்டிகளும் அடுத்தடுத்து நின்றன. "நம் காரைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறது, நம் வாகனம் நிறுத்தும் கட்டத்துக்குள் அது நிற்காது" என்கிறார் மனைவி. என் கருத்து வேறு. ஹைலக்ஸின் உயரம்தான் கண்ணை ஏமாற்றுகிறது. தரையில் அது பிடிக்கும் இடத்தை மட்டும் பார்த்தால் முன்னால் ஒரு சாண், பின்னால் ஒரு சாண் கூடுதலாக இருக்கும், அதற்கு மேல் இல்லை. அளந்து பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.

13 ஜனவரி 2025, மாலை

பதில் எழுதியவர்களில் ஒருவர்கூட அளக்கவில்லை. ஆகையால் மாமனார் விட்டுச்சென்ற பழைய இரும்பு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நானே கீழே இறங்கினேன். அடுத்த வீட்டுப் பையன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

ஹைலக்ஸின் நீளம் 5.36 மீட்டர், சாகாவின் நீளம் 4.36 மீட்டர். முழுதாக ஒரு மீட்டர் வித்தியாசம். நான் சொன்ன இரண்டு சாண் என் கையால் அளந்தால் நான்கரைச் சாணாக வளர்ந்து நிற்கிறது. இதை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

அகலத்தில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. ஹைலக்ஸ் 1.88, சாகா 1.72, வித்தியாசம் 16 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. நாங்கள் வாகனம் நிறுத்தும் கட்டத்தையும் அளந்துவிட்டேன்: நீளம் 4.83, அகலம் 2.43. இந்தக் கட்டங்கள் 4.8க்கு 2.4 என்றுதான் இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்களுக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் மூன்று சென்டிமீட்டர் தாராளமாகவே விட்டிருக்கிறார் போலும்.

13 ஜனவரி 2025, பின்னிரவு

தயாரிப்பாளர் தரும் அளவுகளோடு ஒப்பிட்டேன். இரட்டைக் கதவு வரிசை கொண்ட ஹைலக்ஸுக்கு நீளம் 5,325 மில்லிமீட்டர், அகலம் 1,855, உயரம் 1,815. சாகாவுக்கு 4,331, 1,689, 1,491. என் அளவுகள் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக வந்திருக்கின்றன. எண் பலகை, பின் பம்பரின் புடைப்பு ஆகியவற்றையும் நாடா சேர்த்துப் பிடித்திருக்கலாம் என்று நினைக்கிறேன். இனிமேல் கணக்குக்கு அவர்களுடைய எண்களையே எடுத்துக்கொள்கிறேன். அந்த அகலத்தில் பக்கக் கண்ணாடிகள் சேர்வதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குறுகலான இடத்தில் முதலில் உரசுவது அவைதாம்.

15 ஜனவரி 2025

"இரண்டு மடங்கு" என்ற வாதம் எங்கள் வீட்டில் ஓய்ந்தபாடில்லை. ஆகவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் சாகா பிடிக்கும் தரை 7.3 சதுர மீட்டர், ஹைலக்ஸ் பிடிப்பது 9.9 சதுர மீட்டர். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் கூடுதல். உயரத்தையும் பெருக்கி, இரண்டையும் ஒரு பெட்டிக்குள் அடைத்துப் பார்ப்பதுபோல் பார்த்தால் 10.9 கன மீட்டருக்கு எதிராக 17.9. இப்போது வித்தியாசம் ஒன்றரை மடங்கையும் தாண்டி, 1.64 மடங்காகிவிடுகிறது. எடையை எடுத்துக்கொண்டால் மனைவி சொன்னதே சரி: சாகா ஒரு டன்னைச் சற்றே தாண்டும், ஹைலக்ஸ் ஏறத்தாழ இரண்டு டன்.

ஆக, இரண்டு மடங்கு என்றவரின் கண் வண்டியின் பருமனைப் பார்த்திருக்கிறது. ஒரு சாண் என்ற என் கண் அகலத்தை மட்டும் பார்த்திருக்கிறது. பின்னால் நின்று பார்த்தால் நீளம் தெரியாது அல்லவா? அன்றிரவு நான் நின்றது பின்னால்தான்.

பிறையிலிருந்து எழுதிய நண்பர், "சாகாவோடு ஒப்பிட்டால் எதுவும் பெரிதாகத்தான் தெரியும், கேம்ரியோடு ஒப்பிடுங்கள்" என்கிறார். நியாயமான பேச்சு. 2018இலிருந்து நாம் பார்த்துவந்த டோயோட்டா கேம்ரி கார் 4,885க்கு 1,840. அகலத்தில் ஹைலக்ஸ் அதைவிட ஒன்றரை சென்டிமீட்டர்தான் கூடுதல். என் கட்டைவிரல் அகலத்தைக்கூட அது எட்டாது. நீளத்தில் 44 சென்டிமீட்டர். பெரிய கார் ஓட்டிப் பழகியவர் ஹைலக்ஸில் ஏறினால் சந்தின் அகலத்தைக் குறித்துப் புதிதாக அஞ்ச வேண்டியதில்லை. சாகாவிலிருந்து ஏறும் நான் அஞ்ச வேண்டும்.

16 ஜனவரி 2025

"ஹைலக்ஸ் சிறிய பிக்கப் வகைதானே, அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சிறியது, நடுத்தரம் என்பதெல்லாம் எந்த ஊரில் நின்று சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் இந்த அளவுள்ள வண்டிகளை நடுத்தரம் என்பார்கள். அங்கே சிறியது என்று விற்கப்படும் ஃபோர்டு மேவரிக்கூட 5,072 மில்லிமீட்டர் நீளம். கார்களுக்குரிய அடித்தளத்தின்மேல் கட்டப்பட்ட வண்டி அது. அப்படியிருந்தும் கேம்ரியைவிட ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் நீண்டுவிடுகிறது. ஆள் உட்கார ஓர் அறை, சரக்குக்கு ஒரு தொட்டி என்று இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் நீளம் கூடாமல் என்ன செய்யும்? காரில் பின்னிருக்கையின் முதுகுக்கு அடியிலும் பின்னாலும் பூட் (சாமான் அறை) ஒளிந்துகொள்கிறது. பிக்கப்பில் ஒளிய இடமில்லை.

காரளவில் ஒரு பிக்கப் நம் நாட்டிலேயே இருந்தது. 2002இல் வந்த புரோட்டோன் அரேனா, வீரா காரின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் தொட்டியைப் பொருத்திய வண்டி. ஆஸ்திரேலியாவில் ஜம்பக் என்ற பெயரில் விற்றார்கள். என் சித்தப்பா ஒன்று வைத்திருந்தார். இருவர்தாம் உட்காரலாம். சித்தி, சித்தப்பா, இரண்டு பிள்ளைகள் என்று கோயிலுக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்த வீட்டில் சண்டை வரும். நீளம் கூடாமல் இருக்க வேண்டுமானால் இரண்டு இருக்கைகளைப் பலி கொடுக்க வேண்டும் என்பதை அந்த வண்டியே சொல்லிக்கொடுத்தது.

19 ஜனவரி 2025

இதுவரை நிற்கும் வண்டியை மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். இன்று மச்சானிடம் சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். எங்கள் தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) முனையில் சாகா ஒரே மூச்சில் திரும்பிவிடும் இடத்தில் ஹைலக்ஸை ஒரு முறை பின்னுக்கு எடுத்துத்தான் திருப்ப முடிந்தது. பின்னால் நின்ற மோட்டார்சைக்கிள்காரர் பொறுமையாகவே பார்த்துக்கொண்டிருந்தார். பினாங்கில் இது அதிசயம்.

திரும்பும் வட்டத்தைப் பற்றித் தேடியதில் கிடைத்தவை: ஹைலக்ஸ் 12.8 மீட்டர், சாகாவைப் போன்ற இன்னொரு சிறிய காரான பெரோடுவா பெசா 4.5 மீட்டர். ஏறக்குறைய மூன்று மடங்கு! என்னால் நம்பவே முடியவில்லை.

20 ஜனவரி 2025

நம்பியிருக்கக் கூடாது. அக்காள் மகன் காலையிலேயே அழைத்து, "மாமா, ஒன்று விட்டம், இன்னொன்று ஆரம்" என்றான். ஹைலக்ஸின் ஆரம் 6.4 மீட்டர், பெசாவின் ஆரம் 4.5 மீட்டர். மூன்று மடங்கு என்று நேற்று நான் எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். அவன் படிப்பது கணக்கியல்தான், பொறியியல்கூட இல்லை.

எல்லாப் பிக்கப்பும் ஒரே மாதிரி திரும்பும் என்றும் நினைத்துவிட வேண்டாம். முந்தைய மிட்சுபிஷி டிரைட்டன் ஹைலக்ஸைப்போலவே 5.3 மீட்டர் நீளந்தான், ஆனால் 5.9 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். அதன் முன் சக்கர நடுவுக்கும் பின் சக்கர நடுவுக்கும் இடையே 3,000 மில்லிமீட்டர். ஹைலக்ஸில் அது 3,085. புதிய டிரைட்டனில் அந்த இடைத்தூரம் 3,130ஆக நீண்டது, ஆரமும் 6.2 மீட்டராக வளர்ந்தது. நீளத்தை மட்டும் கேட்டுவிட்டு வண்டி வாங்குபவருக்கு இது தெரியப்போவதில்லை.

26 ஜனவரி 2025

சரக்குப் பக்கம் வருகிறேன். எனக்கு வேண்டியது அதுதான்.

சாகாவின் பூட் 420 லிட்டர். பெசாவின் பூட் அதைவிடப் பெரியது, 508 லிட்டர். எண்ணைக் கேட்டால் தாராளம்தான். ஆனால் சமையல்காரனுக்குக் கொள்ளளவு முக்கியமில்லை, வாய்தான் முக்கியம். என்னிடம் 80 பேருக்குச் சாம்பார் வைக்கும் அண்டா ஒன்று இருக்கிறது. சாகாவின் பூட்டுக்குள் அது உட்கார இடம் இருக்கிறது. உள்ளே போக வழி இல்லை. நேராக வைத்தால் விளிம்பு இடிக்கும், சாய்த்தால் கைப்பிடி மாட்டும். ஆறு வருடமாக அந்த அண்டா பின்னிருக்கையில், இடுப்புப் பட்டை போட்டுக்கொண்டு, பெரிய மனிதரைப்போல் பயணம் செய்கிறது. ஒருமுறை சாலைத் தடுப்பில் காவலர் குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

ஹைலக்ஸின் தொட்டிக்கு வாய் என்ற பேச்சே இல்லை, மேலே வானம். நான் அளந்தவரை நீளம் 1.54 மீட்டர், அகலமும் ஏறத்தாழ அவ்வளவே, ஆழம் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சக்கர வளைவுகள் இரு பக்கமும் உள்ளே புடைத்து நிற்பதால் அவற்றுக்கு நடுவே கிடைப்பது 1.1 மீட்டர் அளவுதான். எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்றைத் தரையோடு படுக்க வைக்க முடியாது. நாலடி என்பது 1.22 மீட்டர். என் ஆறடி மடக்கு மேசைகளும் பின் கதவை மூடினால் நுழையமாட்டா. குறுக்காகச் சாய்த்து வைக்க வேண்டும், அல்லது கதவைத் திறந்து போட்டுக் கயிறு கட்ட வேண்டும். சாகாவைவிட ஒரு மீட்டர் நீளமான வண்டியில் ஆறடி மேசை அடங்கவில்லை என்று சொன்னபோது மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

உள்ளே உட்காரும் இடமும் பெருகவில்லை. ஐந்து பேர் என்றால் இங்கும் ஐந்து பேர்தான். மாமியார் ஏறுவதற்கு மட்டும் ஒரு முக்காலி தேவைப்பட்டது.

2 பிப்ரவரி 2025

சீனப் பெருநாள் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்து, இன்று காலை ஏழரைக்கு ஹைலக்ஸை எடுத்துக்கொண்டு ஜோர்ஜ்டவுனுக்குள் போனேன். கடைத்தெரு என்று நம் பெரியவர்கள் சொல்லும் லெபோ பாசார் வழியாக வந்து லெபோ குயினுக்குள் இடப்புறம் திரும்ப வேண்டும்; மாரியம்மன் கோயிலுக்குப் பூ கொடுக்க வந்திருந்தேன். முன்பக்கம் நன்றாகவே திரும்பியது. நான் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று இடப்பக்கம் பின்னால் மட்கலம் நொறுங்கும் சத்தம். ஐந்தடி நடைபாதைத் தூணை ஒட்டி ஒரு கடைக்காரர் வைத்திருந்த துளசித் தொட்டியின்மேல் பின் சக்கரம் ஏறிவிட்டது.

கடைக்காரர் கோபப்படவில்லை. "லோரி ஓட்டுகிற மாதிரி ஓட்ட வேண்டும் தம்பி, நீங்கள் கார் ஓட்டுகிற மாதிரி ஓட்டுகிறீர்கள்" என்றார். தொட்டிக்குப் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். துளசிக்கு வாங்கமாட்டேன் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து தாளில் வரைந்து பார்த்தேன். வளைவில் பின் சக்கரம் எப்போதும் முன் சக்கரத்தின் தடத்துக்கு உட்புறமாகவே போகும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே தூரம் கூடக் கூட அது உள்வாங்குவதும் கூடும். முன் சக்கரம் 6.4 மீட்டர் ஆரத்தில் போவதாக வைத்துக்கொண்டால், 2,465 மில்லிமீட்டர் இடைத்தூரமுள்ள சாகாவின் பின் சக்கரம் 49 சென்டிமீட்டர் உள்ளே வருகிறது. 3,085 உள்ள ஹைலக்ஸின் பின் சக்கரம் 79 சென்டிமீட்டர் உள்ளே வருகிறது. வித்தியாசம் 30 சென்டிமீட்டர். அந்தத் துளசித் தொட்டியின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

முதலில் அளந்த நாளில் நான் எழுதியதற்குத் திரும்பிப் போகிறேன். அகலம் 16 சென்டிமீட்டர்தான் கூடுதல் என்று ஆறுதலடைந்தேன் அல்லவா? நேர் சாலையில்தான் அந்த ஆறுதல். முனையில் திரும்பும்போது ஹைலக்ஸுக்குத் தேவைப்படும் தடம், அகலத்தையும் உள்வாங்குவதையும் சேர்த்தால், சாகாவைவிட ஏறத்தாழ அரை மீட்டர் அகலமானது. நீளம்தான் அங்கே அகலமாக உருமாறி வருகிறது.

3 பிப்ரவரி 2025

"இடைத்தூரம் கூடினால் வண்டி குலுங்காது, அதையும் சொல்லுங்கள்" என்று கூலிம் நண்பர். காலித் தொட்டியோடு ஒருமுறை பாலேக் பூலாவ் மலைச்சாலையில் வந்து பாருங்கள், பிறகு பேசுவோம்.

13 பிப்ரவரி 2025

தைப்பூசம் முடிந்து இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. எங்கள் குழுவின் தண்ணீர்ப் பந்தலுக்கு இம்முறை சாமான்களை ஹைலக்ஸில்தான் ஏற்றினோம். போன ஆண்டு சாகாவில் ஏழு நடை; இந்த ஆண்டு இரண்டு நடை. அண்டா, எரிவாயுத் தோம்பு, அரிசி மூட்டை, பனிக்கட்டிப் பெட்டி எல்லாம் தூக்கி வைக்கும் உயரத்தில், தடையில்லாமல் ஏறின. தூக்கி வைக்கும் உயரம் என்று எழுதுகிறேன், ஆனால் அது என் நெஞ்சுக்குக் கீழே ஒரு சாண்தான். சாகாவின் பூட் விளிம்பு தொடைக்கு மேலே நிற்கும். அரிசி மூட்டையை அந்த உயரத்துக்குத் தூக்கிய தம்பிமார்களின் முதுகைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

சாமான் இறக்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை நாங்கள் எடுத்து வரவில்லை. ஒரு மூட்டை நனைந்து, அன்றிரவே பொங்கலாகிவிட்டது.

23 பிப்ரவரி 2025

சில சில்லறைக் குறிப்புகள். பினாங்குப் பாலத்தின் சுங்கச் சாவடியில் இரண்டுக்கும் ஒரே கட்டணம்; அங்கே அச்சையும் சக்கரத்தையும் எண்ணுகிறார்களே தவிர நீளத்தைப் பார்ப்பதில்லை. பழைய பெரிப் படகுக்கு அந்தக் கவலை இருந்தது. 2020 வரை கார்களை ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில், கைகாட்டும் பணியாளர் பிக்கப் வருவதைப் பார்த்ததும் வரிசையை மாற்றியதை நான் கண்டிருக்கிறேன். பேரங்காடியின் அடித்தள வாசலில் இரண்டு மீட்டர் என்று எழுதித் தொங்கும் கம்பியின் கீழ் 1.815 மீட்டர் வண்டி போய்விடும். கூரைமேல் ஏணியைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இப்போது கட்டத்துக்கு வருகிறேன். ஹைலக்ஸின் மூக்கு எங்கள் கட்டத்தின் கோட்டைத் தாண்டி 53 சென்டிமீட்டர் நடைவழிக்குள் நீட்டுகிறது. பின்னால் சுவர் இருப்பதால் பின்னுக்கும் தள்ள முடியாது. எதிர் வரிசையில் இன்னொரு ஹைலக்ஸ் இருக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் நின்றால் நடைவழியில் ஒரு மீட்டருக்கு மேல் காணாமற்போகிறது. நிர்வாகக் குழு இன்னும் கடிதம் எழுதவில்லை. கீழ் வீட்டு அம்மா சக்கர நாற்காலியில் வருகிறவர், அவர் நேற்று ஒதுங்கிப் போனதைப் பார்த்தேன். அதற்கு மேல் கடிதம் தேவைப்படவில்லை. மச்சானிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெரிய விருந்துகளுக்கு மட்டும் வாடகைக்குத் தருவதாகச் சொல்கிறார். சொந்த மச்சான், வாடகை.

9 மார்ச் 2025

கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் ஜனவரி 13ஆம் தேதிக் குறிப்பைத் தோண்டி எடுத்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். ஹைலக்ஸில் மூன்று சென்டிமீட்டர் கூடுதல், சாகாவிலும் மூன்று, இரண்டின் அகலத்திலும் மூன்று. பக்கவாட்டில் எந்த எண் பலகை இருக்கிறது? வண்டியைச் சந்தேகிப்பதற்கு முன் நாடாவைப் பார்த்தீர்களா?

இப்போது பார்த்தேன். முனையிலிருக்க வேண்டிய கொக்கி இல்லை. மாமனார் காலத்திலேயே உடைந்து, துருப்பிடித்த பகுதியை யாரோ தகரக் கத்தரியால் நேர்த்தியாக வெட்டியிருக்கிறார்கள். நாடாவின் முதல் எண் மூன்று.

ஆகவே நான் நாடாவால் அளந்த அத்தனையிலும் மூன்று சென்டிமீட்டரைக் கழித்துக்கொள்ளுங்கள். தொட்டியின் நீளம் 1.51. ஒரு மீட்டர் வித்தியாசம், கோட்டைத் தாண்டும் 53 சென்டிமீட்டர் ஆகியவை அப்படியே நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே பிழை இருந்ததால் கழித்தலில் அது போய்விடுகிறது. எங்கள் கட்டத்தின் அளவு 4.80க்கு 2.40. வீட்டைக் கட்டிக் கொடுத்தவரின் தாராளத்தைப் பற்றி நான் எழுதிய வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.